சிவப்புக்குச் சிவப்பு, வெள்ளைக்கு வெள்ளை

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் நலம்தானே? இங்கே நான் நலம். அவர் நலமாக இல்லை. நலமாக இருந்திருந்தால் உங்களுக்கு எழுதும் துணிச்சல் எனக்கு வந்திருக்காது.

நான் யாரென்று இதற்குள் தெரிந்திருக்கும். ஸ்டேஷன் டிக்கெட் கவுன்டரில் இருக்கிறவள். உங்களுக்குப் பிறகு அவரோடு குடும்பம் நடத்துகிறவள். நீங்கள் முன்பு வேலை பார்த்த ஸ்பீக்கர் கடையில் கெஞ்சிக் கூத்தாடி உங்கள் இப்போதைய கம்பெனி முகவரியை வாங்கினேன்.

நவம்பரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வேலையில் இருக்கும்போதே, மைக்கின் முன்னால். ஏழாவது நடைமேடை என்று அறிவிக்க வந்தவர் "ஏழா... ஏழா..." என்றார். அதோடு நின்றுவிட்டது. வெளியே நின்ற ஜனங்கள் ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்று நினைத்தார்களாம். வலது கை விழுந்துவிட்டது. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. பேச்சுதான் ஒன்றுமே இல்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, பதில் சொல்ல வாயைத் திறக்கிறார், காற்றுதான் வருகிறது. ஊருக்கே ரயில் சொன்ன மனுஷன், அக்கா.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒரு வழி சொன்னார். பேச்சு போனவர்களுக்கும் சில சமயம் பாட்டு போகாதாம். மிகவும் பிடித்த பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் கூடவே முணுமுணுப்பார்களாம். அந்த முணுமுணுப்பைப் பிடித்துக்கொண்டு சொற்களை இழுத்துவிடலாமாம். ஆனால் முதல் சில மாதங்களுக்குள் செய்ய வேண்டும், நாளாக ஆக இறுகிப்போய்விடும் என்றார்.

ரேடியோ வைத்தேன். இடது கையால் அணைத்துவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து டேப் வாங்கி வந்தேன். தள்ளிவிட்டார். துணி போட்டு மூடி வைத்திருக்கும் அந்த ரெக்கார்டு பிளேயரைத்தான் காட்டுகிறார். நான் வந்த நாளிலிருந்து அது பாடி நான் கேட்டதில்லை. "கெட்டுப்போச்சு, விடு" என்பார். மாடிப்படி ஏற முடியாது என்று வீடு மாற்றினோம், அப்போது இருந்த வயர்களையும் கழற்றிவிட்டேன். தெருமுனைக் கடையில் கேட்டால், "இதெல்லாம் இப்ப யாரும்மா வெச்சிருக்காங்க? புதுசா ஒண்ணு வாங்கிட்டுப் போங்க" என்கிறார்கள்.

அதை முதலில் இணைத்தது நீங்கள்தான் என்று தெரியும். எப்படி இணைப்பது என்று சொல்லுங்கள். என் தொலைபேசி எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். கூப்பிட்டால் போதும். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க வாயில்லாத
தங்கை


பிப்ரவரி 3

தங்கச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிப்பது முறை. முறை தவறியவர்களுக்கும் முறையோடு எழுத வேண்டும் என்று எங்கள் வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

பதில் தாமதமாகிவிட்டது. சர்வீஸுக்கு வந்த ஆம்ப்ளிஃபயர்கள் எங்கள் பட்டறையில் வரிசை கட்டி நிற்கின்றன. உனக்கும் ஒரு டோக்கன் போட்டு வைத்தேன். இப்போதுதான் உன் முறை வந்தது. வரிசை என்றால் என்ன என்று டிக்கெட் கவுன்டரில் இருக்கிறவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன் வேண்டாம், நானும் உன் கவுன்டர் முகவரிக்குத்தான் எழுதுகிறேன். எழுது. எழுதினால் இரண்டு பேருமே யோசித்துப் பேசுவோம். அக்கா என்கிறாய். எங்கள் அம்மா என்னை ஒருத்தியைத்தான் பெற்றாள். புருஷனை எடுத்துக்கொண்டவள் உறவையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறாள், போகட்டும்.

முதலில் இடம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த ரெக்கார்டு பிளேயருக்கு மட்டும் கூடம் நிஜமாகவே கோணலாக இருக்கக் கூடாது. மேஜையின் மேல் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார். ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தக் காலுக்கு அட்டையை மடித்துக் கொடு. ஸ்பீக்கர்களை அதே மேஜையில் வைக்காதே, அதிரும். இவ்வளவையும் முடித்துவிட்டு எழுது, அடுத்ததைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொன்னால் குழம்பிவிடுவாய்.

அவரைப் பற்றி நீ ஒன்றும் விவரமாக எழுதவில்லை. வாய் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது? சாப்பிடும்போது வழிகிறதா? சவரம் யார் செய்கிறார்கள்? உடம்பைக் கவனித்துக்கொள். உனக்கு ஒன்று என்றால் அவரை யார் பார்ப்பது?

இப்படிக்கு,
கம்பெனி முகவரிக்காரி


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? உங்கள் கடிதம் வந்த அன்றே மேஜையைச் சரி செய்துவிட்டேன். சன்னல் பக்கத்துக் காலுக்கு நான்கு மடிப்பு அட்டை வைக்க வேண்டியிருந்தது. தட்டில் தண்ணீர் இப்போது அசையாமல் நிற்கிறது. ஸ்பீக்கர்களை இரண்டு ஸ்டூல்களில் வைத்திருக்கிறேன். நான் தவழ்ந்து தவழ்ந்து இதையெல்லாம் செய்வதை அவர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நவம்பருக்குப் பிறகு அவர் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு சிரிப்பு மாதிரி பார்த்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். வாய் வலது பக்கம் இறங்கியிருக்கிறது. வழிகிறது, கழுத்தில் துண்டு கட்டிவிடுகிறேன். சவரம் நான்தான் செய்கிறேன். முதல் நாள் கன்னத்தில் வெட்டிவிட்டேன், ஐயோ என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை.

குழம்ப மாட்டேன் அக்கா. மீதியை ஒரே கடிதத்தில் எழுதிவிடுங்கள். நாள் போகிறது என்று பயிற்சி அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்கிறார்.

உங்கள் அன்பை எதிர்பார்க்கும்
தங்கை


மார்ச் 1

தங்கச்சிக்கு,

நான் நலம். கொஞ்சம் சளி. நீ கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்.

வயர் கட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ரெக்கார்டு பிளேயரின் பின்னாலிருந்து இரட்டை வயர் ஒன்று வரும், ஒன்றின் தலை சிவப்பு, மற்றதன் தலை வெள்ளை. ஆம்ப்ளிஃபயரின் முதுகிலும் சிவப்பு ஓட்டை, வெள்ளை ஓட்டை இருக்கும். சிவப்புக்குச் சிவப்பு, வெள்ளைக்கு வெள்ளை. 'டேப்' என்று எழுதியிருக்கும் ஜோடியில் சொருகு. முன்பக்கத்துக் குமிழை டேப்புக்குத் திருப்பு. ஊசியை மெதுவாக இறக்கு. அவ்வளவுதான். பிள்ளையும் செய்யும், நீயும் செய்வாய்.

உன் கடிதத்தைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. கம்பெனிப் பயிற்சிக்காக நான் வெளியூருக்குப் போன அன்று, என் ரயில் கிளம்புவதை அவர்தான் ஒலிபெருக்கியில் சொன்னார். அறிவிப்பு முடிந்த பிறகு, ரகசியமாக எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி லேசாக ஒரு செருமல் செருமினார். சன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி ஆட்டினேன். யாருக்கு ஆட்டுகிறாள் இந்தப் பைத்தியம் என்று எதிர் ஆசனத்தில் இருந்தவர் பார்த்தார். அந்த நேரம் அறிவிப்பு அறையில் அவர் பக்கத்து நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்தாய் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. செருமலை நீயும் கேட்டிருப்பாய். யாருக்கு என்று நினைத்துக்கொண்டாயோ.

அவர் உன்னை அடையாளம் கண்டுகொள்கிறாரா? எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அதே


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

சளி குணமானதா? வெந்நீரில் ஆவி பிடியுங்கள்.

நீங்கள் சொன்னபடியே சொருகினேன். இசைத்தட்டு சுற்றியது. அவர் தொடையில் தாளம் போடத் தயாராகக் கையை வைத்துக்கொண்டார். ஊசியை இறக்கினேன். சத்தம் வந்தது அக்கா, ஆனால் வந்த மாதிரியும் இல்லை. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், அதற்கும் அடுத்த தெருவில் யாரோ பாடுகிற மாதிரி. குமிழைக் கடைசி வரை திருப்பினேன். உய்ங்கென்று ஒரு இரைச்சல் வந்து அந்தக் கொஞ்சத்தையும் விழுங்கிவிட்டது.

அவர் எழுந்தார். நான் பிடிக்கும் முன்பே காலை இழுத்துக்கொண்டு போய் ஸ்பீக்கரில் காதை வைத்தார். பிறகு அதை விட்டுவிட்டு ரெக்கார்டு பிளேயரிடம் வந்து குனிந்தார். தட்டில் உரசும்போது ஊசியே தானாக மெல்லப் பாடும் இல்லையா, அதைக் கேட்க. காதை அதன் மேல் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, தட்டு முடியும் வரை அப்படியே நின்றார். முதுகு நடுங்கியது. நான் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கிக்கொண்டேன்.

அடையாளம் தெரிகிறதா என்று கேட்டிருந்தீர்கள். தெரிகிறது. பல நாள், தெரியாமலே இருந்திருந்தால் நன்றாயிருக்குமே என்று எனக்குத் தோன்றுகிற மாதிரி பார்க்கிறார்.

என்ன தப்பு செய்தேன் என்று சீக்கிரம் எழுதுங்கள்.

தங்கை


மார்ச் 30

தங்கச்சிக்கு,

சளி போய்விட்டது. ஆவி பிடிக்கவில்லை.

இரைச்சலுக்குக் காரணம் சொல்கிறேன். ரெக்கார்டு பிளேயரின் பின்னால் இரட்டை வயரோடு தலைமுடி மாதிரி மெல்லிசாக மூன்றாவதாக ஒன்று தொங்கும். எர்த் வயர். அதை ஆம்ப்ளிஃபயரின் முதுகில் இருக்கும் திருகில் சுற்றி முடுக்கு. இரைச்சல் அடங்கும்.

சத்தம் குறைவாக இருப்பதற்கு ஊசிதான் காரணமாக இருக்கும். எத்தனை வருஷம் துணி போட்டு மூடி வைத்தீர்களோ. உங்கள் ஊரில் அந்த ஊசி கிடைக்காது, தபாலில்தான் வரவழைக்க வேண்டும். அதன் மாடல் எண்ணைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். வந்து சேரக் கொஞ்ச நாளாகும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள், நானும் பொறுத்துப் பார்த்தேன், எனக்கு ஒரு பட்டறை மேஜைதான் கிடைத்தது.

குனிந்து கேட்டார் என்று எழுதியிருந்தாயே, அப்போது கண்ணை மூடியிருந்தாரா? இதை மறக்காமல் எழுது. எந்தத் தட்டு என்பதையும் எழுது.

இருவரும் நலமாக இருங்கள்.


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஊசி வந்தது. மாற்றினேன். எர்த் வயர் கட்டினேன். இரைச்சல் போய்விட்டது. பாட்டு அதே அடுத்த தெருவில்தான் இருக்கிறது.

பயிற்சிக்கு அவரோடு ஒரு லாரி டிரைவரும் வருவார். இவருக்குப் பிறகு விழுந்தவர். அவருக்கும் பேச்சு அடியோடு போயிருந்தது. போன வாரம் அவர் தன் பெண்டாட்டியைப் பார்த்து, "எங்கடி போய்த் தொலைஞ்ச?" என்றார். முழு வாக்கியம். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த அம்மா, "வாயத் திறந்ததும் திட்டுறதப் பாருங்க!" என்று அழுதுகொண்டே சிரித்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் கை கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு யாராவது அப்படி ஒரு திட்டுத் திட்ட மாட்டார்களா என்றிருந்தது.

நேற்று அவர் ஸ்பீக்கரை ஓங்கி அறைந்தார். ஸ்டூலோடு விழுந்தது. பிறகு என் கையைப் பிடித்து வயர்களின் மேல் வைத்து வைத்து அழுத்தினார். ஏதோ சொல்ல வருகிறார். இன்னும் ஏதோ ஒன்று வேண்டும் என்கிறார். அது என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்று என் மனசு சொல்கிறது. எங்கள் மேல் இருக்கும் கோபத்தை என் மேல் காட்டுங்கள். கவுன்டரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஊர் பார்க்கத் திட்டிவிட்டுப் போங்கள், பதில் பேச மாட்டேன். இதை மட்டும் சொல்லிவிடுங்கள். உங்கள் காலில் விழுகிறேன். கடிதத்தில் எப்படி விழுவதென்று தெரியவில்லை, விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணை மூடியிருந்தார். நீல உறை போட்ட தட்டு.

தங்கை


மே 20

தங்கச்சிக்கு,

நலம். வெயில் கடுமை. அங்கேயும் அப்படித்தான் இருக்கும்.

நீ விழுந்ததாக வைத்துக்கொண்டேன். எழுந்திரு.

செட் பழசாகிவிட்டது. சாமான்களுக்கும் கை தெரியும், பழகிய கைக்குத்தான் பாடும். தெருமுனைக் கடைக்காரன் சொன்னது சரி, புதிதாக ஒன்று வாங்கிவிடு. எனக்குப் பட்டறையில் வேலை அதிகம். சாயங்காலம் காற்று வரும்போது அவரை வாசலில் உட்கார வை.


ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுந்திருக்கச் சொன்னதும் எழுந்துவிட்டேன்.

எழுந்து நேராக ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் பழைய சாமான் சந்தைக்குப் போனேன். அங்கே ஒருவர் ஸ்பீக்கர் கூம்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். வயர்களை எங்கே எங்கே சொருகினேன் என்று சொன்னேன். பாதியிலேயே, "பெட்டி எங்கம்மா?" என்றார். எந்தப் பெட்டி என்றேன். ஊசியிலிருந்து வரும் சத்தம் எறும்பு அளவுதானாம். அதை முதலில் பெருக்கிக் கொடுக்க நடுவே ஒரு சின்னப் பெட்டி வேண்டுமாம். சில ஆம்ப்ளிஃபயர்களில் அது உள்ளேயே இருக்கும், எங்களுடையதில் கிடையாதாம். "இதக் கட்டத் தெரிஞ்ச யாருக்கும் மொதல்ல அதான் ஞாபகம் வரும். உங்களுக்குச் சொல்லிக் குடுத்தவங்க விளையாடுறாங்கம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து மேஜையைப் பார்த்தேன். ரெக்கார்டு பிளேயருக்குப் பக்கத்தில் மரத்தில் நான்கு ரப்பர் கால்களின் தடம் வட்ட வட்டமாக இருக்கிறது. இத்தனை வருஷமாக அந்த மேஜையைத் துடைக்கிறேன், ஏதோ கறை என்று நினைத்திருந்தேன். நீங்கள் போகும்போது பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். எதற்கு என்று நான் கேட்கப் போவதில்லை. குழந்தையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தபாலில் ஆட்டலாம் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

பெட்டியைச் சந்தைக்காரரிடமே வாங்கிக் கட்டினேன். நீலத் தட்டைப் போட்டேன். வீடு நிறையப் பாட்டு வந்தது. அவர் அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது நாள் கூடவே முனக ஆரம்பித்தார். அடுத்த வாரம், தட்டு முடிந்து நின்ற பிறகு, வாயைக் கோணிக்கொண்டு, நெற்றி நரம்பு புடைக்க, ஒரு சொல் சொன்னார்.

இப்போது எதற்கும் அந்தச் சொல்தான். தண்ணீருக்கும் அதுவே, வலிக்கும் அதுவே, என்னைக் கூப்பிடவும் அதுவே. பயிற்சி அம்மா இது யாருடைய பெயராவது இருக்குமா என்று கேட்கிறார். உங்களுக்குத் தெரிந்திருக்கலாம் என்று எழுதுகிறேன். "லொட்டு" என்கிறார்.

நலம் விசாரிக்கும்
தங்கை


ஜூன் 13

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் இன்று காலை கிடைத்தது, பட்டறையில் நின்றுகொண்டே எழுதுகிறேன், கை நடுங்குகிறது, எழுத்தைப் பொறுத்துக்கொள்.

அது நான். லொட்டு நான்தான். கல்யாணமான புதிதில் வீடு முழுக்க வயரும் திருகும் கழற்றிப் போட்ட ஸ்பீக்கருமாக இருக்கும். "லொட்டு லொசுக்குச் சாமானோடதான் நீ குடித்தனம் நடத்துற, என்னோட இல்ல" என்பார். அதிலிருந்து லொட்டு. நாலு பேர் முன்னால் கூப்பிட மாட்டார். வீட்டுக்குள் மட்டும். அதை அறிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான்.

பெட்டி என் மேஜையில்தான் இருக்கிறது. ஆமாம், எடுத்து வந்தேன். நான் இல்லாத வீட்டில் அந்தப் பாட்டு எதற்கு என்று எடுத்து வந்தேன். அதை வைத்து உன்னை அலைய விட்டேன். ஒவ்வொரு தடவையும் உன் கடிதம் வரும்வரை எனக்குத் தூக்கம் வராது, அவர் என்ன செய்தார் என்று நீ எழுதுவாயே, அதற்காக. ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் நீ மறுபடி எனக்கு எழுதுவாயா? கடையில் போய் ஒரு பெட்டி வாங்க அவருக்குத் தெரியாதா? அவர் ஏன் வாங்கவில்லை என்று நீ யோசித்தாயா? நான் யோசிக்கிறேன். இந்தக் கடிதம் வந்ததிலிருந்து அதைத்தான் யோசிக்கிறேன்.

எல்லாம் போகட்டும். லீவு சொல்லிவிட்டேன். ஒரே ஒரு தடவை அவர் அதைச் சொல்லி நான் கேட்க வேண்டும். திண்ணமாகச் சொல்கிறேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டேன், ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்க மாட்டேன். புது வீடு எங்கே இருக்கிறது என்று உடனே எழுது. உன் தொலைபேசிக்கு முயற்சி செய்தேன், இணைப்பு இல்லை என்கிறது. உன் உடம்பையும் பார்த்துக்கொள் அம்மா. நீ நன்றாக இருந்தால்தான் அவரும்.

உன் அக்கா


ஜூலை 2

அன்புத் தங்கச்சிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நானே வந்துவிட்டேன். இதை உங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கவுன்டரில் வேறு ஒரு பெண் இருக்கிறாள். "அவங்க மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்கிறாள். எந்த ஊர் என்றால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள், நீ சொல்லக் கூடாது என்றாயாம். எழுதிக் கொடுத்தால் அனுப்பி வைக்கிறாளாம். பழைய சாமான் சந்தைக்காரரிடமும் போனேன். அவருக்கும் தெரியவில்லை, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

ஒலிபெருக்கியில் யாரோ ஒரு சின்னப் பையன் ரயில் சொல்கிறான். நன்றாகத்தான் சொல்கிறான்.

பெட்டியைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லித் தருகிறேன், அவருக்குப் பிடித்த தட்டுகள் எவை, எதற்குப் பிறகு எதைப் போட வேண்டும், எல்லாம். வீட்டுக்குள் விட வேண்டாம். தெருவில் நிற்கிறேன், சன்னலைத் திறந்து வை. போதும்.

உன் அக்கா


ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது. புது ஊர், புதுக் கவுன்டர், வரிசை பெரிது.

லொட்டு என்றால் யார் என்று எனக்கு முன்பே தெரியும். நாங்கள் சேர்ந்து வாழ ஆரம்பித்த நாட்களில் தூக்கத்தில் சொல்வார். என் பக்கம் புரண்டு படுத்து, என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொல்வார். யாரென்று நான் அவரைக் கேட்டதில்லை. கேட்டால் விழித்திருக்கும்போதும் சொல்ல ஆரம்பித்துவிடுவாரோ என்று பயம். உங்களிடம் கேட்டதற்குக் காரணம் வேறு. அது உங்கள் பெயர் என்பதை நீங்களே சந்தோஷமாக எழுத வேண்டும், அதை நான் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். படித்தேன். கை நடுங்கியது எழுத்தில் நன்றாகத் தெரிகிறது.

பயிற்சி அம்மா சொன்னதையும் எழுதிவிடுகிறேன். இனி புதுச் சொற்கள் வருவது கஷ்டமாம். குளிர்காலத்திலேயே பாட்டு ஆரம்பித்திருந்தால் வந்திருக்குமா என்று கேட்டேன். அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நல்லவர், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். லாரி டிரைவர் இப்போது தன் பெண்டாட்டியோடு கணக்கு வழக்கெல்லாம் பேசுகிறாராம். இவருக்கு ஒரே ஒரு சொல். ஆயுசு முழுக்க அது போதும் என்று நீங்கள் அளந்து கொடுத்திருக்கிறீர்கள்.

அவர் ஏன் பெட்டி வாங்கவில்லை என்று யோசிப்பதாக எழுதியிருந்தீர்கள். நானும் யோசித்தேன். பிறகு நிறுத்திவிட்டேன். அவரிடம் கேட்க முடியாது, கேட்டாலும் பதில் என்னவென்று நமக்கு முன்கூட்டியே தெரியும்.

புறப்படும் முன் பயிற்சி அம்மா ஒன்று சொல்லிக் கொடுத்தார். அவர் வாயைத் திறந்து அந்தச் சொல்லைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் யாராவது உடனே முன்னால் போய் நிற்க வேண்டுமாம். பேசினால் ஆள் வரும் என்ற நம்பிக்கை விட்டுப்போகக் கூடாதாம். அதனால் லொட்டு என்று அவர் சொன்னதும் நான் போய் நிற்கிறேன். அடுப்பில் என்ன இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டுப் போய் நிற்கிறேன். "என்னங்க?" என்று கேட்கிறேன். ஆரம்பத்தில் என்னைப் பார்க்க மாட்டார். என் தோளுக்கு மேலே வாசலைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே மறுபடி சொல்வார், நானும் மறுபடி "என்னங்க?" என்பேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்.

இப்போதெல்லாம் வாசலைப் பார்ப்பதில்லை. லொட்டு என்கிறார், நான் வருகிறேன், என் முகத்தைப் பார்த்து, இறங்கிய வாயோடு சிரிக்கிறார். நேற்று ஒரு வாய் ஊட்டிவிட்டதும் என் கன்னத்தைத் தொட்டுச் சொன்னார். பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் கேட்டுக் கேட்டு என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முதலில் ஒரு மாதிரி இருந்தது. பழகிவிட்டது. யாராவது கூப்பிட்டால் தன்னால் திரும்பிப் பார்க்கிறேன்.

உங்கள் பெட்டி எங்களுக்கு வேண்டாம். மழைக்காலம் வருகிறது, உங்களுக்குச் சளி பிடிக்கிற உடம்பு, ஆவி பிடியுங்கள்.

இப்படிக்கு,
லொட்டு